வைப்பர் ரப்பருக்கும் ஹார்ன் பட்டனுக்கும் நடுவில் ஒரு கார்

போன மாதம் தர்ஷினியிடமிருந்து வாட்சப்பில் ஒரு கேள்வி வந்தது. நான் வேலையை விட்ட பிறகு என் மேசைக்கு வந்த பெண் அவள். "அக்கா, ஸ்கேன் பண்ணுன லிஸ்ட்ல ஸ்பேர் பார்ட்ஸ் ரெஜிஸ்டர் முப்பத்தொண்ணு இருக்கு. வைப்பர் ரப்பர், ஹார்ன் பட்டன் கணக்கெல்லாம் இப்ப யாருக்குக்கா வேணும்? டிலீட் பண்ணிடவா? கம்ப்யூட்டர்ல இடம் பத்தல லா."

"வேண்டாம்" என்று மட்டும் அனுப்பினேன். "ஏன்?" என்று கேட்டாள். போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசுவது எனக்கு எப்போதுமே வராது. கட்டை விரலால் தட்டிப் பார்த்தேன், பத்து வரியிலேயே விரல் வலித்தது. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். அப்படி எழுதியதுதான் இது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளியில் ஃபார்ம் ஃபைவ் வரை முடித்தேன். டைப்பிங் படித்தேன். பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக் கார்களை இறக்குமதி செய்து விற்ற ஒரு பழைய கம்பெனியில், பதிவறைக் கிளார்க்காகச் சேர்ந்தேன். ஐம்பத்தைந்தில் ஓய்வு வாங்கிக்கொண்டேன். வீடு சாலாக் செலாத்தான். ஆபீஸ் முதலில் பிரிக்பீல்ட்ஸ், பிறகு சுபாங் ஜெயா. அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு ஒரே காரணம், மனிதர்களைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான். பழைய கார் வைத்திருப்பவர்கள் கடிதம் எழுதுவார்கள்: என் கார் தொழிற்சாலையை விட்டு எப்போது கிளம்பியது, எந்தக் கப்பலில் வந்தது, முதலில் யார் வாங்கினார்கள்? நாங்கள் ரெஜிஸ்டரைப் பார்த்துப் பதில் எழுதுவோம். அந்தத் தாளைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறவர்கள் உண்டு. சிலருக்குப் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைவிட அது பெரிது.

கவுண்டருக்கு யாராவது நேரில் வந்துவிட்டால் நான் இரும்பு அலமாரிக்குப் பின்னால் போய் நிற்பேன். அங்கே ஒரு வேலையும் இருக்காது. சும்மா நிற்பேன்.

எனக்கு மேலே இருந்தவர் மேடம் சியூ, சீனப் பெண்மணி. என்னைவிட ஏழு வயது மூத்தவர், ஒல்லியானவர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. இங்கிலீஷும் மலாயும் கலந்து பேசுவார். அவர் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். அவர் கையில் எப்போதும் ஒரு அடி நீள மர ஸ்கேல் இருக்கும். ரெஜிஸ்டரில் ஒரு வரியைப் படிப்பதானால் அதன் அடியில் ஸ்கேலை வைக்காமல் படிக்கக் கூடாது. சேசிஸ் எண்ணைப் போட்டோவிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. காரின் தகட்டின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தத் தாளையே அனுப்பச் சொல்ல வேண்டும். வந்த எண்ணை ரெஜிஸ்டரோடு ஒப்பிடும்போது கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். "முன்னாலேர்ந்து படிச்சா உன் கண்ணு அதுக்கு வேணுங்கிறதப் படிச்சிரும்" என்பார். எனக்கு இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. பஸ் நம்பரைக்கூடப் பின்னாலிருந்துதான் படிக்கிறேன். இரண்டு முறை தப்பான பஸ்ஸில் ஏறியிருக்கிறேன்.

கடிதத்தில் இரண்டே வார்த்தைகளுக்கு அனுமதி உண்டு: கண்டோம், காணவில்லை. "இந்தக் கார் விற்கப்படவில்லை" என்று எழுதினால் கிழித்துப் போடுவார். "உனக்கு எப்படித் தெரியும்? நீ பார்த்தியா? விற்றதுக்கான பதிவைக் காணவில்லைன்னு எழுது. அதுக்கு மேல நம்ம வேலை இல்ல."

முதல் பத்து வருடம் நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு ஒருமுறை ஆடி மாதத்துக்காகப் பேசினேன்.

வெளிநாட்டில் ஒருவர் எங்கள் ஊரிலிருந்து போன ஒரு காரை வாங்கியிருந்தார். விற்ற தேதிக்கும் கார் கடையை விட்டு வெளியே போன தேதிக்கும் இடையில் முப்பது நாளுக்கு மேல் இருந்தது. அந்த ஒரு மாதமும் விற்பனையாளர்கள் காரை ஓட்டித் தேய்த்துவிட்டார்கள், இது புதுக் காராக விற்றதே இல்லை என்று அவர் சண்டை பிடித்தார். வாங்கியவர் பெயர் சுப்பையா. எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. ஆடி மாதத்தில் எந்தச் சுப்பையா புதுக் காரை வீட்டுக்கு எடுத்துப் போவார்? பணத்தைக் கட்டிவிட்டு, ஆவணி பிறக்கட்டும் என்று அங்கேயே விட்டிருப்பார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள்தான். ஆனால் பக்கத்து வீட்டில் ஆடி மாதம் ஒரு பிளாஸ்டிக் வாளிகூட வாங்க மாட்டார்கள்.

மேடமிடம் சொன்னேன். "ஆடி மாசம் எந்த ரெஜிஸ்டர்ல இருக்கு?" என்று கேட்டார். நான் அலமாரிக்குப் போய், ஐந்து வருட விற்பனை ரெஜிஸ்டர்களை இறக்கி, ஜூலை கடைசியில் தமிழ்ப் பெயருக்கு விற்ற கார்களையெல்லாம் பட்டியல் போட்டேன். பதினாறு கார். பதினான்கு ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகுதான் வெளியே போயிருக்கிறது. மேடம் ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இப்ப இருக்கு" என்றார். பிறகு அவரே போய் இன்னொரு ரெஜிஸ்டரை எடுத்து வந்தார். "எங்க ஆளுங்களுக்கு ஏழாவது மாசம், பேய் மாசம். புது வண்டி எடுக்க மாட்டாங்க. அதையும் எழுது." அந்தக் கடிதம் மூன்று பக்கம் போயிற்று. எனக்கு ஒன்று விளங்கியது: மேடமுக்கு என் பேச்சு வேண்டாம், பக்க எண் வேண்டும்.

இனி முத்தையா கார். தர்ஷினி கேட்டதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் போர்ட் கிள்ளானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ராஜேந்திரன், லோரி கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையால் எழுதியிருந்தார். அவர் அப்பா முத்தையா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க். ராஜேந்திரன் சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு கப்பலில் வந்த கார்களில் ஒன்று குறைந்தது. சில மாதத்தில் முத்தையா ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். கூட வேலை செய்த சிங்காரம் என்ற இளைஞர் அந்தக் காரின் சேசிஸ் தகட்டைப் பார்த்துவிட்டு, காணாமல் போன காரின் எண் இதுதான் என்று சொல்லிவிட்டார். குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவ ஒரு வாரம் ஆகவில்லை. போலீஸ் வரவில்லை, வேலையும் போகவில்லை. ஆனால் முத்தையாவுக்கு அதன் பிறகு பதவி உயர்வு வரவே இல்லை. கிராண்டில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், அவர் பெயர்தான் இருந்தது. அதை யாரும் நம்பவில்லை. கார் வாங்கிய ரசீது கிள்ளான் வெள்ளத்தில் போய்விட்டது.

கடைசி வரிகளை நான் பலமுறை படித்தேன்: "அப்பா இறந்துவிட்டார். கார் என்னிடம் இருக்கிறது. அவர் திருடினாரா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். எதுவானாலும் எழுதுங்கள்."

பென்சிலால் தேய்த்த தாளையும் வைத்திருந்தார். அழுத்தித் தேய்த்ததில் ஒரு மூலை கிழிந்திருந்தது.

கப்பல் ரெஜிஸ்டரை எடுத்தேன். அந்தக் கப்பலில் எங்களுக்கு இருபத்து நான்கு கார். பதினேழாவது வரி. ஸ்கேலை வைத்து, எண்ணைப் பின்னாலிருந்து படித்தேன். ஒவ்வொரு இலக்கமும் சரியாக இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் "இறங்கவில்லை" என்று எழுதியிருந்தது. சிங்காரம் பொய் சொல்லவில்லை.

விற்பனை ரெஜிஸ்டரில் பார்த்தேன். ஒரு கார் துறைமுகத்தில் இறங்கினால்தான் அதற்கு ஸ்டாக் எண் கொடுப்பார்கள். ஸ்டாக் எண் இருந்தால்தான் விற்பனை ரெஜிஸ்டரில் ஏறும். இந்தக் காருக்கு எண்ணே இல்லை. முத்தையா என்ற பெயரையாவது பிடிக்கலாம் என்று இரண்டு வருடப் பக்கங்களையும் புரட்டினேன். இல்லை.

மன்னிக்கவும், காணவில்லை.

கடிதம் கிடைத்துப் பதினான்கு நாளில் பதில் போக வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை கடைசி நாள். மேடம் வாசகத்தைச் சொன்னார்: கப்பலில் ஏற்றியது கண்டோம். இறங்கியது காணவில்லை. விற்றது காணவில்லை. மூன்று வரி. எல்லாம் உண்மை. படிக்கிற மகனுக்கு ஒரே அர்த்தம்தான் கிடைக்கும்.

நான் டைப் அடிக்க உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன். மேடம் மேசைக்கு முன் போய் நின்று, "என்னால அடிக்க முடியாது மேடம்" என்றேன். என் காது சூடானது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"ஏன்? தப்பா இருக்கா?"

"தப்பில்ல."

"அப்புறம்?"

"பாவமா இருக்கு."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்டெல்லா, பாவம் எந்த ரெஜிஸ்டர்ல இருக்கு?"

போய் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே என் மேசைக்கு வந்தார். இத்தனை வருடத்தில் அவர் என் மேசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கையில் இன்சூரன்ஸ் ஃபைல்.

"இந்தக் கம்பெனி, கார்ல ஒரு ஆஷ்ட்ரே வராட்டியும் இன்சூரன்ஸுக்கு எழுதும். பாரு, ஆஷ்ட்ரே. இன்னொரு ஆஷ்ட்ரே. ஒரு கார் முழுசா வரல, அதுக்கு எழுதல. ஏன்?"

"கார் கிடைச்சிருக்கும்" என்றேன்.

"கிடைச்சிருக்கும்னு எழுத முடியாது. எங்க கிடைச்சுது?" வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை நேரம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று புதன்கிழமை. கப்பல் எங்கள் துறைமுகத்துக்குப் பிறகு எங்கே போனது என்று பார்த்தேன். சிங்கப்பூர். சரக்கு அடியில் மாட்டிக்கொண்டால் இறக்காமல் அடுத்த துறைமுகத்துக்கு இழுத்துப் போய்விடுவது உண்டு. சரி, சிங்கப்பூரில் இறங்கிய கார் இங்கே எப்படித் திரும்பியிருக்கும்? அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து எங்களுக்கு வந்ததெல்லாம் ரயிலில்தான் வந்தது. ரயிலில் என்ன வரும்? உதிரிப்பாகம் வரும். பெரிய உதிரிப்பாகக் கிடங்கு சிங்கப்பூரில்தான் இருந்தது. கப்பலில் வந்தால் கார், ரயிலில் வந்தால் உதிரிப்பாகம். எங்கள் ஆட்களுக்கு மூன்றாவதாக ஒரு புத்தகம் கிடையாது.

ஆனால் உதிரிப்பாக ரெஜிஸ்டர்கள் முப்பத்தொன்றும் அப்போது ராஃபியா கயிற்றால் கட்டப்பட்டு லிஃப்ட் பக்கத்தில் கிடந்தன. ஆபீஸ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய ஆரம்பித்திருந்தது. கப்பலும் விற்பனையும் மட்டும் போதும், மற்றவை பழைய பேப்பர் லோரிக்கு என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. லோரி வியாழக்கிழமை வரும்.

வியாழன் காலையில் நான் சீக்கிரம் போய், அந்தக் கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டேன். வேறு வழி தோன்றவில்லை. லோரிக்காரர் வந்தார். "அக்கா, எந்திரிங்க லா, ஏத்தணும்."

"எந்திரிக்க முடியாது."

"கால் வலியா?"

"இல்ல. இதுல ஒரு கார் இருக்கு."

அவர் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெரிய பாஸ்கிட்ட சொல்லட்டா?" என்றார் மெதுவாக. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருக்க வேண்டும். நல்லவேளை, மேடம் வந்து, அடுத்த வாரம் வரச் சொல்லி அவரை அனுப்பினார். கயிறு வெட்ட என்னிடம் கத்திரிக்கோல் கொடுத்தார்.

பதினொன்றாவது புத்தகத்தில் இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் முதலில் பெயர், எண்ணிக்கை, எந்த ரேக் என்று மூன்று கட்டங்கள், கடைசியில் குறிப்பும் வெளியே போன விவரமும். வைப்பர் ரப்பர், நூற்று நாற்பத்து நான்கு, ரேக் ஆறு. அடுத்த வரி: கார், ஒன்று, ரேக் என்ற கட்டத்தில் "தரை". அதற்கடுத்த வரி: ஹார்ன் பட்டன், இருபத்து நான்கு, ரேக் இரண்டு.

யார் எழுதினாரோ, கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதியிருந்தார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மேடம் ஸ்கேலை வைத்தார். சேசிஸ் எண்ணை நான் பின்னாலிருந்து படிக்க, அவர் தாளில் சரி பார்த்தார். குறிப்பில் "சிங்கப்பூரிலிருந்து ரயிலில். வலது முன் மட்கார்டு நசுங்கல், உப்புக் கறை. உள்ளபடி விற்பனை" என்றிருந்தது. ஏழு வாரம் கழித்து வெளியே போன கட்டத்தில், உதிரிப்பாகக் கவுண்டரில் விற்பனை, வாங்கியவர் முத்தையா, கிளார்க், துறைமுகம் என்று எழுதி, அவர் கையெழுத்தும் இருந்தது. அடிபட்ட காரை ஷோரூமில் வைக்க மாட்டார்கள். ஒரு கிளார்க்குக்குக் கட்டுப்படியாகிற விலைக்குத் தள்ளியிருப்பார்கள். கப்பல் ரெஜிஸ்டரிலோ சிவப்பு மை அப்படியே நின்றுவிட்டது. ரயிலில் வந்ததைத் துறைமுகத்திலும் யாரும் சொல்லவில்லை.

"மட்கார்டைக் கேளு" என்றார் மேடம். "போன் பண்ணு."

நான் போன் பண்ணுவதா? ஆனால் வெள்ளிக்குள் கடிதம் போய்ச் சேராது. கடிதத்தில் இருந்த எண்ணை அழுத்தினேன். ராஜேந்திரன்தான் எடுத்தார்.

"ஐயா, உங்க காரோட வலது பக்க முன் மட்கார்டுல ஏதாவது…"

"அது எப்பவுமே அப்படித்தான்க்கா. பெயின்ட் அடிக்கிறப்பல்லாம் உள்ள பள்ளத்த அடைச்ச பழைய புட்டி உதிரும். ஏன்?" என்னைவிட மூத்தவர். இருந்தாலும் அக்கா என்றார்.

"அந்தக் கார் ரயில்ல வந்துச்சுங்க. சிங்கப்பூர்லேர்ந்து. உங்கப்பா எங்க கம்பெனியில வாங்கியிருக்காரு. கையெழுத்து இருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அப்பா அதத்தான் சொன்னாரு" என்றார். "ரயில்ல வந்துச்சு, ரயில்ல வந்துச்சுன்னு சாகுற வரைக்கும் சொன்னாரு. கார் எப்படிப்பா ரயில்ல வரும்னு எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சிருக்கேன்க்கா. அதனாலதான் கடிதாசில எழுதல."

"பக்க எண் போட்டு அனுப்புறோம்" என்றேன்.

கடிதம் வெள்ளிக்கிழமை போயிற்று. ஏற்றியது கண்டோம், ரயிலில் வந்தது கண்டோம், விற்றது கண்டோம், கையெழுத்துக் கண்டோம். மேடம் நான்கு வரியையும் படித்துவிட்டு மேலிடத்துக்கு ஒரு மெமோ எழுதினார்: முப்பத்தொரு ரெஜிஸ்டர்களையும் ஸ்கேன் செய்யவும். காரணம் என்ற இடத்தில் "கார்" என்று மட்டும் போட்டார்.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். இரண்டு வாரம் கழித்து ராஜேந்திரன் ஆபீஸுக்கே வந்துவிட்டார். அலமாரிக்குப் பின்னால் இருந்த என்னை மேடமே காட்டிக் கொடுத்தார். சிங்காரம் இன்னும் கிள்ளானில் இருக்கிறாராம். கடிதத்தை அவரிடம் காட்ட வேண்டும், நான் கூட வர வேண்டும். "நான் தனியாப் போனா நானே டைப் அடிச்சதுன்னு சொல்லுவாருக்கா."

அந்தச் சனிக்கிழமை நான் அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். முப்பது வருடத்துக்கும் மேலாகக் கார்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், அவற்றில் ஒன்றில் ஏறியது அதுதான் முதல் தடவை. வழி முழுக்க ராஜேந்திரன் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே வந்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

சிங்காரத்துக்கு எண்பது இருக்கும். கைலி, வெள்ளை பனியன், காதில் மிஷின். கடிதத்தை வாங்கி, உதட்டை அசைத்து முழுவதும் படித்தார்.

"முத்தையா அண்ணன் காரா? இத யாருய்யா திருட்டுக் காருன்னு சொன்னது?"

"நீங்கதான் அங்கிள்" என்றார் ராஜேந்திரன்.

"நானா?"

"நீங்கதான்."

பெரியவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "ஞாபகம் இல்லையேப்பா. ஆனா சொல்லியிருப்பேன். என் வாய் எப்ப சும்மா இருந்துச்சு?" உள்ளே காப்பி கலக்கிக்கொண்டிருந்த மருமகள், "இப்ப மட்டும் சும்மாவா இருக்கு" என்றார். பெரியவருக்கு அது காதில் விழவில்லை. கடிதத்தை மறுபடி பார்த்து, "ரயில்ல வந்துச்சா! கார்! ரயில்ல!" என்று குழந்தை மாதிரிச் சிரித்தார். "வெளிய நிக்குதே, அதுவா? ஓடுதா? ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போப்பா."

ராஜேந்திரன் அசையாமல் நின்றார். அறுபது வருடமாக வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பி நடந்துவிடுவார் என்று நினைத்தேன். போய்க் காரின் முன் கதவைத் திறந்துவிட்டார்.

லிட்டில் இந்தியா பக்கம் வண்டி ஊர்ந்தது. சிங்காரம் கண்ணாடியை இறக்கி, பாதி உடம்பை வெளியே நீட்டினார். முடி வெட்டும் கடை வாசலில் ஒருவர். "டேய் மாணிக்கம்! இது யாரு கார் தெரியுமா? முத்தையா அண்ணன் கார்டா! கம்பெனியில வாங்குனது! ரயில்ல வந்துச்சு, ரயில்ல!" பூக்கடை அம்மாவிடமும் சொன்னார். சிக்னலில் பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரரிடமும் சொன்னார். அவருக்குத் தமிழே தெரியாது. உடனே மலாயில் ஒருமுறை சொன்னார். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அந்தக் காலத்தில் இதே வேகத்தில்தான் அந்தத் திருட்டுச் செய்தியையும் பரப்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. இப்போதாவது பக்க எண்ணோடு பரப்புகிறார்.

ராஜேந்திரனின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். சிரிக்கவில்லை, அழவில்லை. கியரை மட்டும் மெதுவாக மாற்றிக்கொண்டிருந்தார். முச்சந்தி வந்ததும் கேட்டார்.

"போதுமா அங்கிள்? வீட்டுக்குத் திருப்பவா?"

"என்ன போதும்? பாசார் பக்கம் இன்னும் போகவே இல்லையே. சந்தைக் கூட்டமே அங்கதான்."

ராஜேந்திரன் சிக்னலைப் போட்டுப் பாசார் பக்கம் திருப்பினார்.